டெலிசினியா, ஸ்கேனரா?

பிலிம் சுருளை டிஜிட்டலாக்க லேபுக்குப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான். இரண்டு இயந்திரங்களும் செய்யும் வேலை ஒன்றே. பிலிமுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, மறுபக்கம் வருவதை மின் சமிக்ஞையாக்குகின்றன. படம் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

டெலிசினி தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. பிலிம் நிற்காமல் ஓடும், ஓடும்போதே வீடியோவாக வெளியே வரும். கலரிஸ்ட் கூடவே உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்துவிடுவார். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வீடியோ சிக்னலுக்குள் அடங்காத வெளிச்சமும் இருட்டும் அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். ஒரு 16 மி.மீ. நெகட்டிவை இப்படி மாற்றி வாங்கி நானே பட்டிருக்கிறேன். ஜன்னலோரம் ஒருவர் நிற்கும் காட்சியில் ஜன்னல் வெறும் வெள்ளையாக இருந்தது. நெகட்டிவை விளக்குப் பெட்டியில் வைத்து லென்ஸால் பார்த்தால், வெளியே மரம் கிளை கிளையாகத் தெரிகிறது!

ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாக எடுக்கும். பெரும்பாலும் 10 பிட் லாக் முறையில் (இருட்டு, வெளிச்சம் இரண்டின் நுணுக்கத்தையும் அடக்கும் மடக்கை அளவு) டிபிஎக்ஸ் என்ற, ஃபிரேமுக்கு ஒன்றான படக் கோப்புகளாகத் தரும். கோடாக்கின் சினியான் முறையிலிருந்து வந்த வழக்கம் இது. நெகட்டிவில் இருக்கும் வெளிச்ச வீச்சு ஏறக்குறைய முழுதாக வந்துவிடும். திரையில் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் கெட்டுப்போய்விட்டதா என்று பதறுவார்கள். இல்லை, நிறத்தைப் பற்றிய முடிவு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கு விலை உண்டு. 2கே முழு ஃபிரேம் என்றால் 2048 x 1556 பிக்சல், ஒரு கோப்பு கிட்டத்தட்ட 12.7 எம்பி. ஒரு மணி நேரப் படத்தில் 86,400 ஃபிரேம்கள்; மொத்தம் 1.1 டிபி. 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. ஹார்ட் டிஸ்க், அதன் நகல், நகலின் நகல் என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். (1996-ல் வந்த ஸ்பிரிட் டேட்டாசினி என்ற இயந்திரம் வீடியோவும் தந்தது, கோப்பும் தந்தது. அதற்குப் பிறகு இந்தப் பெயர்ப் பிரிவினையே கொஞ்சம் குழம்பித்தான் கிடக்கிறது.)

என் தீர்ப்பு: நெகட்டிவ் என்றால் ஸ்கேனர்தான். கையில் இருப்பது திரையிடும் பிரிண்ட் மட்டுமே, என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும் என்றால் டெலிசினி தாராளமாகப் போதும்.

ஸ்கேனரிலும் இரண்டு வகை உண்டு. ஊசி வைத்தது, பிலிம் ஓரத்து ஸ்ப்ராக்கெட் துளைக்குள் அந்த ஊசியை நுழைத்து ஃபிரேமை அசையாமல் பிடிக்கும்; படம் கல் மாதிரி நிற்கும். ஆனால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய பிலிம் கெடும்போது சுருங்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஊசியை நினைத்தே பார்க்காதீர்கள், துளை கிழிந்துவிடும். அதற்கு உருளையில் ஓடும் ஸ்ப்ராக்கெட் இல்லாத ஸ்கேனர். படம் சற்று ஆடினால் மென்பொருளில் நிறுத்திக்கொள்ளலாம். கிழிந்த துளையை அப்படிச் சரிசெய்ய முடியாது. அப்புறம், அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி கலர் பிலிமுக்குத்தான். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள் என்பதால் அதுவும் அந்த ஒளியை மறைக்கும், எது தூசி எது படம் என்று தெரியாது.

அடுத்து வேகம். பிலிமுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். 25 ஃபிரேம் வீடியோவுக்குப் போகும்போது சும்மா வேகமாக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடமாகும், குரலின் சுருதி லேசாக ஏறும். நொடிக்கு 29.97 ஃபிரேம் ஓடும் வீடியோவுக்கு 3:2 புல்டவுன் என்ற வழி: 24-ஐ 23.976 ஆக்கி, நான்கு ஃபிரேம்களைப் பத்து ஃபீல்டுகளாக (ஒன்றுவிட்டு ஒரு கோடாக எடுத்த அரை ஃபிரேம்கள்) பிரித்து ஐந்து வீடியோ ஃபிரேம் செய்வார்கள். அதில் இரண்டில் வேறு வேறு ஃபிரேம்கள் கலந்திருக்கும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் விட்டு விட்டு நகர்வது கண்ணுக்குத் தெரியும். இரண்டில் நான் 25-ஐத்தான் எடுப்பேன். மறுபடி 24-ல் ஓட்டினால் பழைய படம் அப்படியே வந்துவிடும்.

டிஜிட்டலிலிருந்து பிலிமுக்குத் திரும்பிப் போகும்போதுதான் இந்த வேகக் கணக்கு உறைக்கும். பிலிமில் எழுத லேசர் ரெக்கார்டரும் உண்டு, பழைய டிவி போன்ற படக்குழாயால் எழுதும் சிஆர்டி ரெக்கார்டரும் உண்டு. லேசருக்கு வெளிச்சம் அதிகம், அதனால் நுண்ணிய துகள் கொண்ட இன்டர்மீடியட் பிலிமிலேயே (பிரதி எடுப்பதற்கான பிலிம்) எழுதும். சிஆர்டியின் மங்கல் வெளிச்சத்துக்கு ஒரு ஃபிரேமுக்கே நேரம் பிடிக்கும், அல்லது குறைந்த வெளிச்சத்திலும் பதியும், துகள் பெரிதான வேகப் பிலிம் வேண்டும். ஆனால் எதில் எழுதினாலும் முதலில் புல்டவுனைப் பிரித்து 24 ஆக்கியாக வேண்டும். புல்டவுன் செய்த வீடியோவிலேயே எடிட் முடித்திருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் அந்த வரிசை உடைந்திருக்கும். சரி என்று உட்கார்ந்து, வெட்டு வெட்டாகக் கையால் தேடிப் பிரிக்க வேண்டியதுதான்.