வீட்டுச் சமையல் பூனை சாப்பாடு டெலிவரி: வாங்கலாமா? என்னோட ரிவ்யூ

வேளச்சேரி பக்கம் ஒரு அக்கா வீட்லயே பூனைக்குன்னு தனியா சமைச்சு டப்பால போட்டு டெலிவரி பண்றாங்க, பூனை வளக்குற ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேர் "நீ வாங்குறியே, எப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். பேர் போடல. தனி ஆளா பண்ற சின்ன தொழில், நான் சொல்லப் போறதுல குறையும் இருக்கு, அதுல சிலத அவங்க சரி பண்ணிட்டும் வர்றாங்க, பேர போட்டு ஒருத்தங்க பொழப்புல கை வைக்க எனக்கு மனசில்ல. எந்த ஊர்ல யார்கிட்ட இந்த மாதிரி வாங்கினாலும் கேக்க வேண்டிய கேள்வி இதேதான், அதனால பேர் முக்கியமும் இல்ல.

100 கிராம் டப்பா 60 ரூபா. ஃப்ரீசர்ல வெச்சு கல்லு மாதிரி ஆனதுக்கப்புறம் தெர்மாகோல் பெட்டில வருது, வீட்டுக்கு வந்து சேரும்போதும் கட்டியாவேதான் இருந்துச்சு, சென்னை வெயில்ல இது பெரிய விஷயம். மெனுல சிக்கன் ஈரல், சங்கரா மீன், சிக்கன் பூசணி, சிக்கன் சாதம் நாலும் இருக்கு. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, வெங்காயம் பூண்டு கிட்டயே வராது. இந்த கடைசி பாயிண்ட்டுக்காகவே அவங்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். நம்ம வீடுங்கள்ல மிச்சமான மீன் கொழம்பு சாதத்த பெசஞ்சு பூனைக்கு வெக்கிறது சர்வசாதாரணம், அந்த கொழம்புல இருக்கற வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்த சிவப்பணுவ உடைச்சு ரத்தசோகை கொண்டு வரும், வேக வெச்சாலும் பொடி பண்ணாலும் அந்த விஷம் போகாது, பூண்டு இன்னும் மோசம். தெருப்பூனைக்கு வெக்கிறவங்களும் தயவுசெஞ்சு கொழம்பு வேணாம், வெறும் வெந்த மீன முள்ளு எடுத்துட்டு வெச்சா போதும்.

மீன் டப்பாவ பிரிச்சு கொஞ்சம் கொஞ்சமா எடுத்து விரல்ல நசுக்கி பாத்தேன், ஒரு முள்ளு கூட சிக்கல. சங்கராவுல முள்ளு எடுக்கறது எவ்ளோ இம்சைன்னு ஆய்ஞ்சவங்களுக்கு தெரியும், பொறுமையா பண்ணிருக்காங்க. சிக்கன்ல நெஞ்சு கறியா போட்டு வெள்ளையா காட்டாம தொடை கறிதான் போடறாங்க, அதுவும் குக்கர்ல வேக வெச்ச தண்ணிய கீழ ஊத்தாம கறியோடயே சேத்துடறாங்க, டப்பாக்கு அடில அது ஜெல்லி மாதிரி உறைஞ்சு நிக்கும். இது ரெண்டும் ஏன் நல்லதுன்னா டாரின்ன்னு ஒரு சத்து இருக்கு, பூனை உடம்பால தேவைக்கு ஏத்த அளவு அத தானா தயாரிக்க முடியாது, கறி மீன்லருந்துதான் வரணும். நெஞ்சு கறிய விட தொடைல பல மடங்கு ஜாஸ்தி, ஆனா வேக வெக்கும்போது தண்ணில கரைஞ்சு எறங்கிடும், அந்த தண்ணிய கொட்டினா சத்தும் போச்சு. டாரின் கொறஞ்சா பூனைக்கு கண் விழித்திரை கெட்டுப் போகும்னு 1975லயே கண்டுபிடிச்சுட்டாங்க. அப்புறம் 1987ல கலிஃபோர்னியா டேவிஸ் யுனிவர்சிட்டில பால் பியான்னு ஒரு டாக்டரும் அவர் டீமும், இதயம் வீங்கி தளந்து போற நோய்க்கும் இதுதான் காரணம், டாரின் குடுத்தா அந்த இதயம் திரும்ப தேறுதுன்னு காமிச்சாங்க, அதுக்கப்புறம்தான் கம்பெனிங்க பாக்கெட் சாப்பாட்டுல டாரின் அளவ ஏத்தினாங்க. வீட்டு சாப்பாடுன்னா இயற்கை, அதனால நல்லதுன்னு பேசறவங்க இத ஒரு தடவ யோசிச்சு பாக்கணும், அந்த பூனைங்க சாப்பிட்ட பாக்கெட் சாப்பாட்டுலயும் கறி மீனெல்லாம் இருந்துச்சு, அளவு பத்தாம போனதுதான் உயிர வாங்குச்சு.

சரி, இப்ப குறைக்கு வரேன். முதல் டப்பாவோட ஒரு துண்டு சீட்டும் வந்துச்சு, அதுல "தினசரி முழுமையான உணவு, மாத பிளான் உண்டு"ன்னு போட்டிருந்துச்சு, கீழ "பூசணி, கேரட் கண்ணுக்கு நல்லது"ன்னும் இருந்துச்சு. எனக்கு அங்கயே பக்குன்னு ஆச்சு. கேரட்ல இருக்கற கரோட்டினை நம்ம உடம்பு விட்டமின் ஏ வா மாத்திக்கும், பூனை உடம்புக்கு அந்த வித்தையே கிடையாது, அதுக்கு ஈரல் மாதிரி மாமிசத்துலருந்து ரெடியாத்தான் வரணும். பூசணி நார்ச்சத்துக்கு ஓகே, மலச்சிக்கல் இருந்தா கொஞ்சம் உதவும், அவ்ளோதான்.

ஃபோன் பண்ணி கேட்டேன். "அக்கா, இதுல கால்சியம் எதுலருந்து வருது?" "எலும்பு சூப் ஊத்துறேன்ல மா, அதுல இல்லாத கால்சியமா?" நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா எலும்ப எவ்ளோ நேரம் கொதிக்க வெச்சாலும் அந்த தண்ணில எறங்குற கால்சியம் ரொம்ப கம்மி. கறிய மட்டும் பாத்தா 100 கிராம் சிக்கன்ல கால்சியம் 10 மில்லிகிராம் சுமாருக்குத்தான் இருக்கும், பாஸ்பரஸ் 200 கிட்ட இருக்கும். பூனைக்கு ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வேணும், கால்சியம் கொஞ்சம் தூக்கலா இருந்தா இன்னும் நல்லது. இப்படி இருபது மடங்கு கோணலா மாசக்கணக்குல போனா உடம்பு தன் எலும்புலருந்தே கால்சியத்த உருவ ஆரம்பிச்சுடும். பெரிய பூனைல இது வெளிய தெரிய நாளாகும், குட்டில சீக்கிரம் தெரியும், கால் வளையும், கட்டில்லருந்து குதிச்சாலே எலும்பு முறியும். வெறும் கோழி வேக வெச்சு குடுத்தே வளந்த குட்டிங்களுக்கு இப்படி ஆகறது டாக்டருங்களுக்கு புதுசே இல்ல.

அக்கா கோவப்படல, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சுச்சு. "நீ சொல்றத எங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் மா"ன்னாங்க, கேட்டுட்டு மாத்தவும் செஞ்சாங்க. அப்புறம் ஆர்டர் எடுக்க நேர்ல போனப்போ அவங்க கிச்சன்ல 0.1 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன தராசு ஒண்ணு புதுசா உக்காந்திருந்துச்சு, முட்டை ஓட்ட கழுவி, உள்தோல உரிச்சு, காய வெச்சு மிக்ஸில மைதா பதத்துக்கு அரைச்சு வெச்சிருந்தாங்க, விரல்ல தேச்சு பாத்தா நறநறன்னே இல்ல. அரை கிலோ கறிக்கு 3 கிராம் நிறுத்து போடறாங்க, அதுல ஆயிரத்து சொச்சம் மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும், கறில இருக்கற பாஸ்பரஸுக்கு ஈடாயிடும். டாரின் பவுடரும் தனியா வாங்கி டாக்டர் சொன்ன அளவுக்கு சேக்கறாங்க. இப்ப டப்பா மேல கறி எவ்ளோ, ஈரல் எவ்ளோ, ஓட்டுப்பொடி எவ்ளோன்னு கிராம் கணக்குல ஸ்டிக்கர் வருது. பெரிய கடைல வாங்குற ஃப்ரெஷ் ஃபுட்லயே இவ்ளோ வெவரம் எல்லாத்துலயும் இருக்கறதில்ல.

அப்ப மாத பிளான் போடலாமான்னா, என் பதில் இப்பவும் வேணாம்தான். கால்சியமும் டாரினும் வந்தது பெரிய முன்னேற்றம், ஆனா விட்டமின் இ, பி1, மாங்கனீஸ், அயோடின், கோலின்னு லிஸ்ட் இன்னும் பாக்கி இருக்கு. 2019ல அதே டேவிஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க புக்குலயும் நெட்லயும் இருக்கற பூனை ரெசிபி 114 எடுத்து அலசினாங்க, அதுல கால்நடை டாக்டருங்க எழுதினதும் இருந்துச்சு, தேவையான அத்தன சத்தும் முழுசா இருக்கற ரெசிபி ஒண்ணு கூட தேறல. சிலதுல பூண்டு வெங்காயமே இருந்துச்சாம். அப்ப ஒரு அக்கா தன் கிச்சன்ல நல்லெண்ணத்துல பண்றது முழு உணவா இல்லன்னா அது அவங்க தப்பு மட்டும் இல்ல, ஆனா "முழுமையான உணவு"ன்னு சீட்டுல போடறது தப்பு, அத எடுத்தே ஆகணும். இத எழுதற வரைக்கும் எடுக்கல. இதுக்காகத்தான் நான் அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுக்கறேன், இல்லன்னா நாலரை தாராளமா குடுத்திருப்பேன்.

நான் எப்படி யூஸ் பண்றேன்னு சொல்றேன். வீட்ல ரெண்டு பேர், குண்டனும் சின்னியும். மெயின் சாப்பாடு பாக்கெட்டுதான், அதுவும் பின்னாடி கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டுன்னு இருக்கான்னு பாத்துத்தான் வாங்குவேன் (பல கிரேவி பவுச்ல காம்ப்ளிமென்டரின்னு பொடி எழுத்துல போட்டிருப்பான், அது தொட்டுக்கதான், சாப்பாடு இல்ல, கவனிங்க). அக்கா டப்பா அதுக்கு மேல டாப்பிங். ஒரு நாள் கலோரில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாதுன்றது பொதுவா டாக்டருங்க சொல்ற கணக்கு, 4 கிலோ பூனைக்கு நாளைக்கு 200லருந்து 250 கலோரி வேணும்னா அது 20, 25 கலோரி, அதாவது ஒரு டேபிள் ஸ்பூன் சொச்சம். டப்பா வந்த உடனே லேசா இளக விட்டு ஐஸ் ட்ரேல ரொப்பி திரும்ப ஃப்ரீசர்ல வெச்சுடுவேன், ஒரு கட்டி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு. ராத்திரியே எடுத்து கீழ ஃப்ரிட்ஜ்ல வெச்சா காலைல ரெடி, கொஞ்சம் வெதுவெதுன்னு பண்ணா வாசனை தூக்கும், சின்னி மாதிரி மூக்க மூக்க திருப்புற ஆளு கூட தட்ட நக்கிட்டுத்தான் நகரும். தட்டுல வெச்சது ஒரு மணி நேரத்துல தீரலன்னா எடுத்து போட்டுடுங்க, நம்ம சூட்டுக்கு அதுக்கு மேல தாங்காது.

எது வாங்கலாம்னா, சிக்கன் பூசணி ஃபர்ஸ்ட். தண்ணியே குடிக்காத ஆம்பளப் பூனைக்கு அந்த ஜெல்லி தண்ணியோட உள்ள போறது யூரின் பிரச்சனைக்கும் நல்லது. சங்கரா வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவ போதும், மீனே பழகிட்டா வேற எதையும் தொடாதுங்க. சில பச்சை மீன்ல பி1 சத்த அழிக்கற ஒரு நொதி இருக்கு, வேக வெச்சா அது செத்துடும், அதனால மார்க்கெட்ல வாங்கின மீன அப்படியே பச்சையா போடற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. சிக்கன் ஈரல் டப்பா வாசனை தூக்கலா இருக்கும், பூனைங்க அதுக்கு அலையும், அத பாத்து தினமும் வெக்காதீங்க, ஈரல் அதிகமானா விட்டமின் ஏ உடம்புல சேந்து சேந்து கழுத்தெலும்பு ஒட்டிப் போய் தலைய கூட திருப்ப முடியாம ஆயிடும். சிக்கன் சாதம் வேணவே வேணாம், பாதி டப்பா அரிசி, அதுக்கு 60 ரூபா தேவையில்ல, கறி தின்ன பொறந்த ஜீவனுக்கு சோத்த ரொப்பறதுல என்ன இருக்கு.

பாக்கெட் வேணவே வேணாம், முழுசா வீட்டு சாப்பாடுதான்னு பிடிவாதமா இருக்கறவங்க, விட்டமின் மினரல் எல்லாம் சேந்த பூனைக்கான பிரிமிக்ஸும், உங்க பூனை எடை வயசு பாத்து கணக்கு போட்டு குடுத்த ரெசிபியும் இல்லாம ஆரம்பிக்காதீங்க. மெடிக்கல் ஷாப்ல நம்ம திங்கற மல்டிவிட்டமின் மாத்திரைய பொடிச்சு போடறது ரொம்ப ஆபத்து, விட்டமின் டி கூடினா கிட்னி போயிடும். சென்னைல வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிலயும் நாமக்கல் காலேஜ்லயும் சத்துணவுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, அங்க போய் கேளுங்க. கிட்னி வீக்கான பூனைக்கு பாஸ்பரஸ் கணக்கே வேற, அதுக்கு இந்த டப்பாவ டாக்டர கேக்காம தொடவே கூடாது, குட்டிங்களுக்கும் சினைப் பூனைக்கும் டாப்பிங் கூட இப்போதைக்கு வேணாம்.

புதுசா ஆரம்பிக்கறவங்க ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்குங்க. பட்டினி போட்டா தானா திங்கும்னு யாராச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க, ரெண்டு மூணு நாள் திங்காம இருந்தாலே பூனைக்கு ஈரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே வந்துடும். ஆர்டர் வியாழக்கெழமைக்குள்ள சொல்லிடணும், ஞாயித்துக்கெழம டெலிவரி, அஞ்சு டப்பாவுக்கு கம்மியா அனுப்ப மாட்டாங்க, காலி டப்பாவ கழுவி திருப்பி குடுத்தா டப்பாவுக்கு 5 ரூபா கழிச்சுக்கறாங்க.