நேர்ல போய் கேக்குற சர்வே: ஒரு ஃபீல்ட் ஏஜென்சிகிட்ட குடுத்துப் பாத்த அனுபவம்

வயசானவங்களை வீட்ல யார் பாத்துக்குறாங்க, மருந்துச் செலவு யார் கைல இருந்து போகுது, அவங்களுக்குன்னு ஏதாவது பணம் இருக்கா, இதான் எங்க ஆராய்ச்சி. 600 வீட்ல சர்வே, அதுக்கு மேல 30 பேர்கிட்ட நீளமா உக்காந்து பேசுற நேர்காணல். எங்க டீம்ல இருக்கறது மூணே பேர், நாங்களே வீடு வீடா போனா முடியாதுன்னு ஃபீல்ட் வேலைய ஒரு ஏஜென்சிகிட்ட குடுத்தோம். நிறையும் இருக்கு குறையும் இருக்கு, அதனால பேர் போடல, ஆனா நீங்க யார்கிட்ட குடுத்தாலும் பாக்க வேண்டிய விஷயம் இதேதான்னு நினைக்கிறேன், அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல் மீட்டிங்லயே எனக்கு அவங்க மேல ஒரு மதிப்பு வந்துச்சு. எங்க டீம்ல ஒருத்தர் "ஆன்லைன் ஃபார்ம்னா 600க்கு பதிலா ஆறாயிரம் கூட வாங்கிடலாமே"ன்னு கேட்டார். அவங்களுக்கு அதுல வேலையும் கம்மி, ஆனாலும் வேணாம்னு சொன்னாங்க. நீங்க தேடுறவங்கள்ல பாதிப் பேர் போனே தொடமாட்டாங்க, ஃபார்மை நிரப்புறது பேரனாத்தான் இருக்கும்னாங்க. ரொம்ப சரி. 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் கதை ஆராய்ச்சி முறை சொல்லித் தர்ற எல்லா வகுப்புலயும் சொல்றதுதான், லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டுன்னு கேட்டு ஒரு கோடிப் பேருக்கு சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கு மேல திரும்பி வந்து, ஆல்ஃப் லாண்டன்ங்கற வேட்பாளர் ஜெயிப்பார்னு போட்டாங்க, எதிர்த்து நின்ன ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டு போனார். அவங்க வச்சிருந்த முகவரிகள்ல நிறைய, டெலிஃபோன் டைரக்டரியில இருந்தும் கார் வச்சிருக்கவங்க பட்டியல்ல இருந்தும் எடுத்தது, அதுலயும் மெனக்கெட்டு திருப்பி அனுப்புனவங்க மட்டும்தான் கணக்குல வந்தாங்க. அதைவிட ரொம்பச் சின்ன சாம்பிள் வச்சு காலப்ங்கற கருத்துக்கணிப்பாளர் யார் ஜெயிப்பார்னு சரியா சொன்னார். எத்தனை பேர்ங்கறதை விட யாரு வந்தாங்க யாரு விட்டுப் போனாங்கங்கறதுதான் முக்கியம்.

அடுத்தது டிரெயினிங். அஞ்சு நாள், நானும் கூடவே உக்காந்தேன், இந்த சர்வீஸ்ல ஆகச் சிறந்த பகுதி இதுதான். மூணாவது நாள் முழுக்க ஒரே வார்த்தைக்கு போச்சு: "பரவாயில்ல". எங்க கேள்வித்தாள்ல "ரொம்ப திருப்தி"ல இருந்து "கொஞ்சம்கூட திருப்தி இல்ல" வரைக்கும் லைக்கர்ட் மாதிரி அஞ்சு படி வச்சிருந்தோம். ஆனா நம்ம ஆளுங்க யாரு அப்படி பதில் சொல்றாங்க? "பிள்ளை உங்களை பாத்துக்கறது எப்படிம்மா இருக்கு"ன்னா "பரவாயில்ல"ம்பாங்க. அது நாலாவும் இருக்கலாம், மூணாவும் இருக்கலாம், தலையை குனிஞ்சுக்கிட்டு இழுத்து சொன்னா ஒண்ணாக்கூட இருக்கலாம். டிரெயினர் ஒரு பத்து விதமா "பரவாயில்ல" சொல்லிக் காட்டி, ஒவ்வொண்ணுக்கும் என்ன நம்பர் போடுவீங்கன்னு கேட்டாங்க, பதினாலு பேரும் வேற வேற நம்பர் போட்டாங்க. அப்புறம்தான் விதியை சொன்னாங்க: நீங்களா எதுவும் போடாதீங்க, அட்டையைக் காட்டி அஞ்சையும் திரும்ப வாசிங்க, அவங்க வாயால ஒண்ணைச் சொல்லட்டும். படிக்கத் தெரியாதவங்கன்னா நிதானமா ரெண்டு தடவை வாசிங்க, எந்த எடத்துலயும் குரலை ஏத்தி இறக்காதீங்க. இதை ஒரு நாள் பூரா உக்காந்து பழக்கினதை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

மெயின் சர்வேக்கு முன்னாடி பைலட், அதாவது வெள்ளோட்டம், 25 வீட்ல பண்ணோம். இதுல எங்க கேள்வித்தாளோட லட்சணம் எங்களுக்கே தெரிஞ்சுச்சு. "போன 30 நாள்ல உங்களுக்கு உடம்பு சரியில்லாம எத்தனை நாள் இருந்துச்சு"ன்னு ஒரு கேள்வி. ஒரு பாட்டி "ஒரு நாளும் இல்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாங்க, சொல்லிட்டு எந்திரிக்க சுவத்தைப் பிடிச்சாங்க, ரெண்டு தடவை முயற்சி பண்ணித்தான் நிக்க முடிஞ்சுது. நேர்காணல் எடுத்த அக்கா அந்த பதிலை மாத்தல, பூஜ்யம்னே போட்டுட்டு, கீழ குறிப்புல பாத்ததை எழுதினாங்க. சாயங்காலம் பேசும்போதுதான் புரிஞ்சுச்சு, முட்டி வலியை அவங்க "உடம்பு சரியில்லை"ங்கற கணக்குலயே சேர்க்கல, அது வயசு, அவ்ளோதான். அதுக்கப்புறம் நடக்க, எந்திரிக்க, குளிக்க, சட்டை போட கஷ்டமா இருக்கான்னு தனித்தனியா கேள்வி போட்டோம். அந்த அக்கா பூஜ்யத்தை அஞ்சா பத்தா மாத்தியிருந்தா கேள்வி தப்புன்னு எங்களுக்கு தெரிஞ்சே இருக்காது. போன்லயோ ஆன்லைன்லயோ கேட்டிருந்தாலும் அந்த சுவரைப் பிடிச்ச கை யார் கண்ணுலயும் பட்டிருக்காது.

இன்னொண்ணு, "உங்க பிள்ளைங்க உங்களை அன்பாவும் மரியாதையாவும் நடத்துறாங்களா"ன்னு வச்சிருந்தோம். ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல"ன்னாரு, அதோட நிறுத்திட்டாரு. ஒரே கேள்விக்குள்ள ரெண்டு கேள்வியை வைக்கக்கூடாதுன்னு நாங்களே மாணவர்களுக்கு பாடம் எடுக்கறவங்க, ஆனா எங்க கண்ணுக்கே படல. ரெண்டா பிரிச்சோம். சொல்ற வார்த்தை எவ்ளோ முக்கியம்னு காட்ட 1941லயே ரக்ங்கற ஆய்வாளர் அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணிருக்கார், ஜனநாயகத்துக்கு எதிரா பொதுவுல பேசறதை "அனுமதிக்கலாமா"ன்னு கேட்டா 62 சதவீதம் பேர் கூடாதுன்னாங்க, அதையே "தடை பண்ணணுமா"ன்னு கேட்டா ஆமான்னது 46 சதவீதம்தான். ஒரே அபிப்பிராயம்தான், ஆனா தடைங்கற சொல் வந்தா ஆளுங்க தயங்குறாங்க. பைலட்டை காசு மிச்சம்னு தவிர்க்கச் சொல்ற ஏஜென்சி இருந்தா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க.

மெயின் சர்வே ஆரம்பிச்சதும் நான் நாலு நாள் கூடவே சுத்தினேன். வீட்டுக்குள்ள யார்கிட்ட கேக்கணும்ங்கறதை நேர்காணல் எடுக்கறவங்க முடிவு பண்ணக்கூடாது, யார் கதவைத் திறக்கிறாங்களோ அவங்களும் முடிவு பண்ணக்கூடாது. கிஷ்ங்கற புள்ளியியல் நிபுணர் 1949ல போட்ட அட்டவணை முறைதான், வீட்ல இருக்க தகுதியானவங்க எல்லாரையும் எழுதி, அட்டவணை யாரைக் காட்டுதோ அவங்க. இப்ப டேப்லெட்டே தேர்ந்தெடுத்துடும். ஒரு வீட்ல தாத்தா பாட்டி ரெண்டு பேர், டேப்லெட் பாட்டியைக் காட்டுச்சு. மகன் "அம்மாவுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கோங்க"ன்னு முன்னாடி வந்து உக்காந்துட்டார். அந்த அக்கா கோவப்படல, "உங்ககிட்டயும் கேக்கணும்தான் தம்பி, ஆனா இந்த மெஷின் அம்மா பேரைத்தான் குடுத்திருக்கு, வேற யார் சொன்னாலும் என் வேலை செல்லாது"ன்னு சொன்னாங்க. அவர் நகர்ந்தார், ஆனா கதவுப் பக்கத்துலயே மருமகள் நின்னாங்க. அடுத்த கேள்வி "உங்க பணத்தை உங்களைக் கேக்காம யாராவது எடுத்திருக்காங்களா". அக்கா அதைக் கேக்கல. டேப்லெட்டுல கடைசிப் பகுதிக்கு போய், வீட்ல தண்ணி எங்கிருந்து வருது, எத்தனை ரூம் இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஒரு எட்டு நிமிஷம். மருமகளுக்கு சலிச்சுப் போய் உள்ள போனாங்க, அக்கா குரலைத் தாழ்த்திக்கிட்டு பழைய கேள்விக்கு திரும்பினாங்க. பாட்டி ஒரு தடவை கதவைப் பாத்துட்டு, வாயைத் திறக்காம தலையை மட்டும் ஆட்டினாங்க.

குடும்ப வன்முறை பத்தி கேக்குற பெரிய சர்வேக்கள்ல இதுக்கு கறாரான விதியே இருக்கு. டிஹெச்எஸ்ங்கற பல நாட்டு மக்கள்தொகை, உடல்நல ஆய்வுகள்ல ஒரு வீட்ல ஒரே ஒரு பொண்ணுகிட்டதான் அந்தப் பகுதியைக் கேப்பாங்க, தனிமை கிடைக்கலைன்னா கேக்கவே மாட்டாங்க. கேட்டதால அந்த ஆளுக்கு அடி விழக்கூடாதுங்கறது டேட்டாவை விட பெருசு. எங்க ஏஜென்சி இதை முழுசா புரிஞ்சு வச்சிருந்தாங்க, இதுக்காகவே அஞ்சு ஸ்டார் குடுப்பேன். இன்னும் கூச்சமான ரெண்டு மூணு கேள்விக்கு ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு அவங்களே ஸ்க்ரீன்ல கலரைத் தொடுற மாதிரி வச்சாங்க. 1998ல அமெரிக்காவுல டீன் ஏஜ் பசங்ககிட்ட இப்படி ஆடியோ வச்சுக் கேட்டப்ப, தாள்ல எழுதிக் குடுத்ததை விட நிறைய பேர் மறைக்காம சொன்னதா சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. எங்ககிட்ட பாதி சரியா வந்துச்சு, காது சரியா கேக்காத பெரியவங்களுக்கு இது ஒத்து வரல, அதை யோசிக்காதது எங்க தப்பு.

சரி, குறைக்கு வர்றேன். ரெண்டாவது வாரம் ஒரு பையனோட ஃபார்ம் எல்லாம் பதினொரு நிமிஷத்துல முடிஞ்சிருந்துச்சு, மத்தவங்களுக்கு நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆகுது. அஞ்சு படி கேள்வி எல்லாத்துலயும் வரிசையா மூணு மூணு மூணு. ஜிபிஎஸ் புள்ளி ஒன்பது வீட்டுக்கும் ஒரே எடத்துல குவிஞ்சு கிடந்துச்சு. உக்காந்த எடத்துல நிரப்பிருக்கான். இது ஏஜென்சிக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு, அவங்க மறு சரிபார்ப்புலயே மாட்டிருக்கு, ஆனா எங்ககிட்ட சொல்ல ஆறு நாள் ஆச்சு, அதுவும் நானா டேட்டாவைப் பாத்து கேட்டப்புறம். அந்த வீடுகளுக்கெல்லாம் திரும்ப போய் எடுத்துக் குடுத்தாங்க, கூடுதல் காசு கேக்கல, அது நியாயம். ஆனா ஆறு நாள் மூடி வச்சது எனக்கு இன்னும் மனசுல இருக்கு. அந்தப் பையனை மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல. விசாரிச்சப்பதான் தெரிஞ்சுச்சு, பழைய ஆளுங்களுக்கு நாள் சம்பளம், புதுசா சேந்தவங்களுக்கு ஃபார்முக்கு இவ்ளோன்னு. வீடு பூட்டியிருந்து மூணு தடவை நடந்தா மூணு நடையும் அவன் கைக்காசு. அப்படி வச்சா பூட்டின வீட்டுக்கு யார் திரும்ப போவா? நாங்க ஒப்பந்தத்தையே மாத்தி எல்லாருக்கும் நாள் சம்பளம்னு எழுத வச்சோம், அதுக்கப்புறம் ஃபார்ம் நேரமும் சரியாச்சு, பூட்டின வீடும் குறைஞ்சுச்சு. நம்ம நாட்டுப் புள்ளியியல் நிபுணர் மகலனோபிஸ் அந்தக் காலத்துலயே ஒரே பகுதியை ரெண்டு தனித்தனி குழுகிட்ட குடுத்து ரெண்டு கணக்கும் ஒத்து வருதான்னு பாத்தார், ஆள் மாறினா பதில் மாறுதான்னு கண்டுபிடிக்க. அடுத்த தடவை சின்ன அளவுலயாவது அதை கேட்டு வாங்கணும்னு இருக்கேன்.

நீள நேர்காணல்தான் பெரிய ஏமாற்றம். சர்வேல பட்டையக் கிளப்புனவங்க இதுல தடுமாறிட்டாங்க. காரணம் அவங்க திறமைக் குறைவு இல்ல, எழுதினதை எழுத்து மாறாம வாசி, உன் அபிப்பிராயத்தைக் காட்டாதேன்னு பழக்கி வச்சவங்ககிட்ட திடீர்னு "பேச்சு போற போக்குல போங்க"ன்னா எப்படி வரும்? ஒரு ஆடியோவுல ஒரு அம்மா "அவன் போனதுக்கப்புறம்தான் எல்லாம் மாறிப் போச்சு"ன்னு சொல்லிட்டு நிறுத்துறாங்க. அங்க சும்மா இருந்திருந்தாலே போதும், அவங்களே தொடர்ந்திருப்பாங்க. நேர்காணல் எடுத்தவர் "சரிங்கம்மா, அடுத்தது, உங்களுக்கு பென்ஷன் வருதா"ன்னு தாண்டிப் போயிட்டார். யாரு போனா, எங்க போனா, ஒண்ணும் தெரியாது.

அதைவிட மோசம் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது ஆடியோவைக் கேட்டு தாள்ல எழுதிக் குடுக்கறது. ஆடியோல பாட்டி சொல்றாங்க, "எனக்குன்னு யாரு இருக்கா சொல்லு". தாள்ல வந்திருக்கறது, "எனக்கு யாரும் இல்லை". பேச்சுத் தமிழை எல்லாம் எழுத்துத் தமிழா திருத்தி, இழுப்பு, பெருமூச்சு, அழுகை, "ம்ம்" எல்லாத்தையும் எடுத்துட்டு, பாக்க அழகா அனுப்பிட்டாங்க. அந்தப் பாட்டிக்கு மூணு பிள்ளைங்க, எல்லாரும் அதே வீட்ல. அவங்க கேட்டது ஒரு கேள்வி, அதைத் தகவலா மாத்திட்டா என் ஆராய்ச்சிக்கு அது பொய். ஒரு மணி நேர ஆடியோவை உள்ளபடி எழுத நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்னு தெரியும், அந்த உழைப்புக்கான காசை நாங்க குடுக்கவும் செஞ்சோம். கடைசில 30ஐயும் நாங்களே கேட்டு திரும்ப எழுதினோம், ரெண்டு மாசம் போச்சு. எழுத ஆரம்பிக்கும் முன்னாடியே "பேசினது பேசின மாதிரியே, திக்கினது உட்பட"ன்னு ஒரு பக்க மாதிரியோட குடுத்துடுங்க, வாய்ல சொன்னா பத்தாது.

மத்தபடி டேட்டா ஃபைல் சுத்தமா வந்துச்சு, எந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு சொல்ற கோட் புக் தெளிவு, போன் பண்ணா எடுக்கறாங்க. ஒப்புதல் வாசகத்தை மட்டும் சில பேர் கடகடன்னு வாசிச்சுத் தள்ளினாங்க, "விருப்பமில்லைன்னா பதில் சொல்ல வேணாம், நடுவுல நிறுத்திக்கலாம்"ங்கற வரியை நிறுத்தி சொல்லணும், அதை ஆடியோல கேட்டு நாங்க திருத்தினோம்.

சர்வேக்கு நாலு ஸ்டார், நீள நேர்காணலுக்கு ஒண்ணு. அடுத்த சுற்று சர்வேக்கு இவங்ககிட்டயேதான் போகப்போறேன், அந்த அக்கா டீம்ல இருக்கணும்னு எழுதியே கேட்டிருக்கேன். நேர்காணல் 30ம் நானே போய் எடுக்கறதா முடிவு பண்ணிட்டேன், "அவன் போனதுக்கப்புறம்"னு சொன்ன அந்த அம்மா திரும்ப பேச சம்மதம்னு ஏஜென்சி மூலமா சொல்லி அனுப்பிருக்காங்க, முதல்ல அவங்க வீட்டுக்குத்தான்.