வலி: மூளைக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா?

கதவிடுக்கில் விரல் நசுங்கினால், நரம்பு வழியே செய்தி தண்டுவடத்துக்குப் போய் மூளைக்கு ஏறுகிறது. சரி, அந்த 'ஐயோ' என்கிற உணர்வு? இங்கேதான் இரண்டு கட்சிகள் பிரிகின்றன.

உணர்வும் மூளையின் வேலைதான் என்கிறது ஒரு கட்சி. சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனின் 1990களின் ஆய்வு இதற்கு நல்ல பலம். கையை இழந்தவர்களில் பலருக்கு, இல்லாத அந்தக் கையில் வலிக்கும். இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடி வழியே அந்த இடத்தில் காட்டியபோது, சிலருக்கு வலி தணிந்தது. வலி கையில் இல்லை, மூளை வரையும் படத்தில் இருக்கிறது என்று இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

மற்றொரு கட்சிக்கு இது போதாது. மூளையின் ஒவ்வொரு வேலையையும் விளக்கிவிட்டாலும், அதோடு ஓர் அனுபவம் ஏன் சேர்ந்து வருகிறது? இதை 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்றார். ஊமை கண்ட கனவு மாதிரி, உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் அது தெரியும். நனவின் நரம்புத் தடயம், அதாவது இப்படி ஓர் அனுபவம் எழும்போது மூளையில் நடப்பது எது என்பது, 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று 1998இல் அவரிடம் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக், 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார்.

ஆனாலும் நான் முதல் கட்சிப் பக்கம்தான். தடயம் இன்னும் கிடைக்கவில்லை என்பதால் கிடைக்கவே கிடைக்காது என்று ஆகிவிடாது. மயக்க மருந்து ஏறியதும் அந்த 'ஐயோ'வும் கூடவே நின்றுபோவதற்கு, இரண்டாம் கட்சியிடம் எனக்குத் திருப்தியான பதில் இல்லை.