சங்கத்தின் ஆராய்ச்சி நிதி எதற்கு: பரிசா, பதிவேடா, கூட்டு ஆய்வா?

எலும்பு மருத்துவர் சங்கங்களில் ஆராய்ச்சிக் குழு என்று ஒன்று இருக்கும். மூத்த அறுவை மருத்துவர்கள் சிலர் அதில் உட்கார்ந்து, உறுப்பினர்கள் எதை ஆராயலாம், யாருக்கு நிதி தரலாம் என்று வழிகாட்டுவார்கள். கையிருப்பு எப்போதும் குறைவு, அதனால் விவாதமும் எப்போதும் ஒன்றுதான். இளம் மருத்துவர்களுக்குப் பரிசும் சிறு நிதியும் கொடுப்பதா? செயற்கை மூட்டு, பிளேட் என்று உடலுக்குள் பொருத்தப்படும் ஒவ்வொரு இம்பிளான்ட்டையும் பதிந்துவைக்கும் பதிவேட்டை நடத்துவதா? பல மருத்துவமனைகளைச் சேர்த்து ஒரே கேள்விக்கு விடை தேடுவதா?

பெங்களூரில் இந்த வேலையைப் பார்க்கும் தமிழன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. மாநில அளவிலோ நகர அளவிலோ இயங்கும் சங்கம் மூன்றாவது வழியைத்தான் எடுக்க வேண்டும். மற்ற இரண்டும் பயனற்றவை என்பதால் அல்ல. அவற்றைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள், மூன்றாவதைச் சங்கம் செய்யாவிட்டால் செய்ய ஆளில்லை.

முதல் வழிதான் நம்மிடம் அதிகம் புழங்குவது. செலவு கொஞ்சம், நிர்வாகம் எளிது. ஆண்டு மாநாட்டில் நல்ல கட்டுரைக்குப் பதக்கம், தேர்ந்த இரண்டு மூன்று திட்டங்களுக்குச் சில லட்சம், வெளியூர் மருத்துவமனையில் சில வாரம் பயிற்சி. தனி ஒருவரின், தனி ஒரு துறையின் பிடிவாதத்திலிருந்து பெரிய மாற்றங்கள் வந்திருப்பதையும் மறுக்க முடியாது. முதுகெலும்புக் காசநோய் என்றாலே வயிற்றையோ நெஞ்சையோ திறந்து அறுவை செய்ய வேண்டும் என்ற வாதம் வலுவாக இருந்த காலத்தில், வாராணசியில் டாக்டர் எஸ். எம். துலி மருந்தை முதலில் வைத்தார். மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் நரம்பு பாதிப்பு தேறாதவர்களுக்கும் மட்டுமே கத்தி. ‘நடுவழி’ என்று அவர் அழைத்த அந்த முறையின் முடிவுகள் 1975-ல் வெளிவந்தன. இந்திய மருத்துவமனைகள் இன்றும் பெருமளவு அந்த வழியில்தான் நடக்கின்றன. தோலும் சதையும் கிழிந்து புண்ணோடு சேர்ந்து வரும் திறந்த முறிவுக்குக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை வகுத்த மதிப்பெண் இன்னொரு சான்று. நசுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடுவதா என்று நள்ளிரவில் முடிவெடுக்க வேண்டிய மருத்துவருக்கு, 14-க்குள் என்றால் காப்பாற்று, 17-ஓ அதற்கு மேலோ என்றால் எடுப்பதைப் பற்றி யோசி என்று அது வழிகாட்டுகிறது. 2006-ல் வெளியான அந்த முறை வேறு நாடுகளிலும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இவை எப்படிச் சாத்தியமாயின என்று பார்க்க வேண்டும். ஒரே வகை நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் ஒரே துறைக்கு வந்தார்கள், துறை அவர்களை விடாமல் தொடர்ந்து பார்த்தது, தலைவர் மாறவில்லை. சங்கம் தரும் சிறு நிதியால் இந்தச் சூழலை உண்டாக்க முடியாது. நிதி போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒரு பி.ஜி. மாணவரின் தீசிஸ். எலும்பு மருத்துவ மேற்படிப்பான எம்.எஸ். ஆர்த்தோ படிக்கும் எல்லோரும் தீசிஸ் எழுதியாக வேண்டும். சேர்ந்த சில மாதங்களில் தலைப்பு, பிறகு ஒன்றரை வருடம் நோயாளிகளைச் சேர்ப்பது, கடைசியில் முப்பதோ அறுபதோ பேரை வைத்து ஒரு முடிவு. தோள்பட்டை எலும்பு முறிவுக்குத் திருகுகளைப் பூட்டிப்பிடிக்கும் லாக்கிங் பிளேட், இடுப்பெலும்பு முறிவுக்குத் தொடையெலும்புக்குள் ராடு என்று அதே தலைப்புகள் கல்லூரி கல்லூரியாகத் திரும்பத் திரும்ப வரும். பைண்டிங் செய்து நூலகத்தில் வைத்தபின் அதைத் தொடுவோர் இல்லை.

இதில் சோம்பலைவிடக் கணக்குதான் பெரிய சிக்கல். ஒரு சிகிச்சை, புண்ணில் சீழ் பிடிப்பதை 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கிறதா என்று நிரூபிக்க வேண்டுமென்றால், வழக்கமான புள்ளியியல் அளவுகோல்படி அந்தச் சிகிச்சை பெறுபவர், பெறாதவர் என்று ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 435 பேர் தேவை, மொத்தம் 870. நாற்பத்தைந்து பேரை வைத்து எழுதிய தீசிஸ் எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தாலும் அந்த வித்தியாசத்தைக் காட்ட அதற்கு வலுவில்லை. நல்ல மாணவரின் ஒன்றரை வருட உழைப்பு, விடை கிடைக்கவே வாய்ப்பில்லாத கேள்வியில் கரைவது எனக்கு மனவேதனை தரும் விஷயம். விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் நோயாளிகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

பதிவேட்டின் கதை வேறு. ஸ்வீடன் முழங்கால் மாற்று அறுவைகளை 1975-லேயே பதியத் தொடங்கியது. 1999-ல் ஆஸ்திரேலியா, 2003-ல் இங்கிலாந்தும் வேல்ஸும். இவற்றில் ஆஸ்திரேலியப் பதிவேட்டை அந்நாட்டு எலும்பு மருத்துவர் சங்கமே நடத்துகிறது. செலவு அரசு வழியாக இம்பிளான்ட் நிறுவனங்களிடமிருந்து வசூலாகிறது. உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கெட்டு மறு அறுவைக்கு வருகிறது என்று அந்தப் பதிவேடு 2007-லேயே சுட்டிக்காட்டியது. 2009 கடைசியில் அங்கே விற்பனை நின்றது, உலகளவில் 2010 ஆகஸ்டில்தான் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பகுதியினரைப் பின்னால் தேடிப்பிடிக்கவே முடியவில்லை. பதிவேடு இல்லாத நாட்டில் நோயாளிக்கு நேர்வது இதுதான். பதிவேடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கம் 2006-ல் ஒரு பதிவேட்டைத் தொடங்கி நடத்திவருகிறது. சேர்வது அவரவர் விருப்பம். பெரிய அளவில் தகவல் திரட்டுவது பெங்களூருக்கும் புதிதல்ல. கோரமங்களாவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக் குழுவினர் முன்னின்று நடத்திய இதயநோய்ப் பதிவேடு 50 நகரங்களில், 89 மருத்துவமனைகளில், 20,468 நோயாளிகளைச் சேர்த்து 2008-ல் லான்செட் இதழில் வெளிவந்தது.

இருந்தும் மாநிலச் சங்கம் தன் பணத்தை இதில் போடக்கூடாது என்கிறேன். மூட்டு மாற்றுப் பதிவேட்டின் உயிர் முழுமையில் இருக்கிறது. பெங்களூரில் மூட்டு மாற்றியவர் ஏழு வருடம் கழித்துச் சேலத்திலோ சென்னையிலோ மறு அறுவைக்குப் போவார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பதிவேட்டுக்குத் தெரிந்தால்தான் பயன். இது நாடு முழுவதற்கும் ஒரே ஏற்பாடாக, சட்டத்தின் வலுவோடு நடக்க வேண்டிய வேலை. மாநிலத்துக்கு ஒரு பதிவேடு என்று பிரித்தால் ஓட்டைகள்தான் மிஞ்சும். அத்துடன், எந்த மூட்டு சீக்கிரம் கெடுகிறது என்று பதிவேடு காட்டும். மணிக்கட்டு முறிவுக்குப் பிளேட் தேவையா, கம்பி போதுமா என்பதை உறுதியாகச் சொல்லாது. பிளேட் வாங்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஏற்கெனவே ஆயிரம் வித்தியாசம் இருக்கிறதே.

அந்த மணிக்கட்டுக் கேள்விக்கு விடை சொன்னது மூன்றாவது வழி. பிரிட்டனில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 461 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தன. 2014-ல் வந்த முடிவு: ஒரு வருடம் கழித்துக் கையின் இயக்கத்தில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை, கம்பிக்குச் செலவு குறைவு. கனடாவில் எலும்பு முறிவு மருத்துவர்களின் சங்கமே ஆய்வுக்குழுவாக இயங்குகிறது. இடம் விலகிய காறை எலும்பு முறிவுக்குத் தூளியா, பிளேட்டா என்று அவர்கள் 132 பேரிடம் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவு பிளேட்டுக்குச் சாதகமாக இருந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது 2015-ல் வந்த ஆய்வு. திறந்த முறிவுப் புண்ணை எதைக்கொண்டு, எவ்வளவு அழுத்தத்தில் கழுவுவது என்பது கேள்வி. ஐந்து நாடுகள், 41 மையங்கள், இந்தியாவும் அதில் உண்டு. அழுத்தம் எவ்வளவானாலும் முடிவு மாறவில்லை. சோப்புக் கரைசலைவிட வெறும் சலைன், அதாவது உப்பு நீர், மேல்: சோப்பில் 14.8 சதவீதம் பேருக்கு மறு அறுவை, சலைனில் 11.6. இதற்காக விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டாம் என்பது தாலுகா மருத்துவமனைக்கு எவ்வளவு பெரிய செய்தி!

கூட்டு ஆய்வின் தடைகளும் சிறியவை அல்ல. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி, நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு, தகவலைச் சரிபார்க்க ஆள். பல மையங்களுக்கும் பொதுவாக ஒரே மதிப்பாய்வு நடத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் இடம் தருவது ஓர் ஆறுதல். எல்லாவற்றையும்விடக் கடினமானது மருத்துவரின் மனம். இருபது வருடமாகப் பிளேட் போட்டவர், ‘எது மேல் என்று எனக்குத் தெரியாது’ என்று நோயாளி முன்னால் சொல்ல வேண்டும். அல்சூர்க்காரப் பெரியவர் ஒருவர் பதிலுக்கு, “ஏன் சார், உங்களுக்கே தெரியாதுன்னா நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுறது?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. “ரெண்டுமே நடைமுறையில இருக்குற வைத்தியம்தான் ஐயா. எது மேல்னு இதுவரைக்கும் யாரும் அளந்து பாக்கல, அதுக்குத்தான் இது. வேண்டாம்னா வேண்டாம், உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது” என்று அவர் மொழியிலேயே உட்கார்ந்து சொல்ல நேரமும் ஆளும் வேண்டும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று ஒரே வார்டில் ஐந்து மொழி பேசும் ஊரில் ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டுவது ஒப்புதலே ஆகாது.

ஆகவே சங்கத்தின் பணம் போக வேண்டியது சம்பளத்துக்கு. பதக்கத்துக்கும் விழாவுக்கும் ஆகும் தொகையைச் சேர்த்தால் முழுநேர கோஆர்டினேட்டர் ஒருவரையும் பகுதிநேரப் புள்ளியியலாளர் ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். மீதி உழைப்பு ஏற்கெனவே நம் கல்லூரிகளில் இருக்கிறது, தீசிஸ் வடிவில். ஒரே கேள்வி, ஒரே நெறிமுறை, ஒரே படிவம் என்று இருபது கல்லூரிகளின் தலா ஒரு பி.ஜி. மாணவர் தலா 45 நோயாளிகளைச் சேர்த்தால் 900 பேர். மேலே சொன்ன 870 கைக்கு எட்டிவிட்டது. ஒவ்வொரு மாணவரும் தன் கல்லூரித் தரவின் ஒரு பகுதியைத் தீசிஸாக எழுதிக்கொள்ளலாம், முதன்மை முடிவு மட்டும் எல்லோர் பெயரிலும் வெளியாகும். பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்கள் இப்படிக் குழு சேர்ந்து ஆய்வு நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழகத்திடம் பேசி இதற்கு ஒப்புதல் வாங்க மூத்தவர்களால்தான் முடியும். ஆராய்ச்சிக் குழுவில் உட்காரும் அறுவை மருத்துவர் செய்யக்கூடிய ஆகப்பெரிய வழிகாட்டல் அதுதான் என்பேன்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. நிர்வாகிகள் அடிக்கடி மாறுவார்கள், ஆய்வோ நாலைந்து வருடம் பிடிக்கும். எனவே ஆராய்ச்சிக் குழுவின் பதவிக்காலம் தலைவரின் பதவிக்காலத்தோடு ஒட்டியிருக்கக் கூடாது. கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் இம்பிளான்ட் நிறுவனத்தின் பணம் ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது.

பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஓசூர் ரோட்டில் அடிபட்டு வருபவர்களில் பலர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைக்காரர்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள், கால் ஒடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஃபாலோ-அப்புக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார்கள் என்று எதிர்பார்ப்பது தவறு. சிலர் போகிற வழியில் புத்தூர் கட்டுக்கும் போவார்கள். தனி மருத்துவமனையால் இவர்களைப் பின்தொடர முடியாது. கர்நாடக, தமிழ்நாடு எலும்பு மருத்துவர் சங்கங்கள் பேசி வைத்துக்கொண்டால் முடியும். கிருஷ்ணகிரியிலுள்ள உறுப்பினர் புண்ணைப் பார்த்து, ஓர் எக்ஸ்ரே எடுத்து, படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும். அந்த எக்ஸ்ரேக்கும் பஸ் கட்டணத்துக்கும் சங்கம் பணம் தரட்டும்.

முதல் கேள்வி எது என்று என்னைக் கேட்டால், முழங்காலுக்குக் கீழ் திறந்த முறிவில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பவுடர். அமெரிக்காவில் 980 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் அருகே முறிந்த, சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகமுள்ள நோயாளிகள். அறுவைப் புண்ணுக்குள் பவுடரைத் தூவியதில் ஆழமான தொற்று ஆறு மாதத்தில் 9.8 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. பாக்டீரியாக்களில் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டு பெரும் வகை. அப்படிக் குறைந்தது கிராம் பாசிட்டிவ் கிருமிகளால் வரும் தொற்றுதான், கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் அந்த மருந்து எடுபடாது. நம் ஊர்ப் புண்களில் கிராம் நெகட்டிவ் கிருமிகள் நிறைய. அங்கே பலித்தது இங்கே பலிக்குமா என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். மருந்து விலை மலிவு, எல்லா மருந்தகத்திலும் கிடைக்கும், அதைப் பரப்பும் அக்கறை எந்த நிறுவனத்துக்கும் இல்லை. ஆறு மாதப் பின்தொடர்தல் பி.ஜி. மாணவரின் மூன்று வருடத்துக்குள் அடங்கும். அடுத்த கல்வியாண்டில் தீசிஸ் தலைப்புகள் கேட்கப்படும் முன் நெறிமுறை தயாராகிவிட்டால், அந்த பேட்சிலிருந்தே தொடங்கலாம்.