ராத்திரி கத்துற வயசான பூனைக்கு டிஃப்யூசர்: என் மார்க் 5க்கு 2, காரணத்தயும் படிச்சிட்டுப் போங்க

பிராண்ட் பேரு போடல, ஏன்னா தப்புல பாதி எங்க வீட்டு மேல, அது கீழ வருது. கொசு மெஷின் மாதிரியே பிளக்ல சொருகுற ஐட்டம்தான், அடில ஒரு சின்ன பாட்டில் மாட்டணும், பூனைய சாந்தப்படுத்தும்னு அட்டைல போட்டிருக்கும். மெஷினும் ஒரு பாட்டிலும் சேந்து மூவாயிரத்த ஒட்டி வந்துச்சு, ஆர்வக்கோளாறுல ரீஃபில் வேற ரெண்டு எக்ஸ்ட்ராவா போட்டேன்.

எதுக்கு வாங்கினேன்னா எங்க பஞ்சுக்கு 15 வயசு. நாட்டுப் பூனை, குட்டில மாடிப்படிக்குக் கீழ கெடந்து தூக்கிட்டு வந்தது. பூனைக்கு 15ன்னா மனுஷக் கணக்குல 76 வருமாம், இத சொன்னதும் 74 வயசு எங்கம்மா "அப்போ எனக்கு அக்காடா இவ"ன்னாங்க. ஐப்பசி மழை ஆரம்பிச்ச சமயம், ஒரு நாள் ராத்திரி ரெண்டரை மணிக்கு ஹால் நடுவுல நின்னுகிட்டு ஒரு கத்து கத்துச்சு பாருங்க, பசிக்குக் கேக்குற மியாவ் இல்ல, அடித்தொண்டைலேந்து இழுத்து இழுத்து, கைக்குழந்தைய யாரோ விட்டுட்டுப் போன மாதிரி. எழுந்து போய் லைட்ட போட்டா என்னையே பாக்குது, கிட்ட போனதும் நிறுத்திடுது, படுத்தா பத்து நிமிஷத்துல மறுபடியும். கருத்தடை ஆபரேஷன் எல்லாம் எப்பவோ பண்ணியாச்சு, அதனால சூட்டுக்கு வந்த கத்தலும் கெடையாது. ஒரு வாரம் பாத்துட்டு கீழ் வீட்டு மாமி லிஃப்ட் கிட்ட பிடிச்சு "தம்பி, ராத்திரில உங்க வீட்ல குழந்தை எதுவும் வந்திருக்கா"ன்னு ரொம்ப டீசன்ட்டா கேட்டாங்க. எங்கம்மா டீசன்ட் எல்லாம் பாக்கல, பூனை அழுதா வீட்டுக்கு ஆகாதுன்னு நேரா சாமி ரூமுக்குப் போயிட்டாங்க.

முதல்ல பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினேன். கூடைலேந்து வெளிய கூட எடுக்கல, "வயசாயிடுச்சு சார், அப்படித்தான் இருக்கும்"ன்னு ஒரு வைட்டமின் சிரப் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. வர்ற வழில பெட் ஷாப்ல கேட்டேன், ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்னு அவரு இந்த டிஃப்யூசர காட்டினாரு. நானும் மூணு நாளா தூங்கல, வாங்கிட்டேன்.

இப்போ ஐட்டத்துக்கு வரேன். பூனை உங்க கால்லயும் கதவு ஓரத்துலயும் கன்னத்த தேச்சிட்டுப் போகும்ல, அப்போ கன்னத்துலேந்து ஒரு வாசனைய விட்டுட்டுப் போகுது, இது என் எடம், இங்க பயம் இல்லன்னு அதுக்கு அர்த்தம். அத லேப்ல காப்பி அடிச்சு பாட்டில்ல போட்டிருக்காங்க, நமக்கு ஒரு வாசனையும் தெரியாது. ஒரு பாட்டில் 30 நாள், 50லேந்து 70 சதுர மீட்டர் வரைக்கும் பிடிக்கும்னு போட்டிருக்கு, நம்ம கணக்குல ஒரு 540லேந்து 750 சதுர அடி, அதாவது ஒரு சின்ன டூ பெட்ரூம் பிளாட். 24 மணி நேரமும் ஓடணும், சோஃபாவுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடில எல்லாம் சொருகக் கூடாது.

நான் என்ன பண்ணேன், கட்டிலுக்குப் பக்கத்துல இருக்குற பிளக்லயே சொருகினேன், அந்த பிளக் கட்டில் சட்டத்துக்குப் பின்னாடி இருக்கு. பத்து நாள் கழிச்சுப் பாத்தா பாட்டில்ல லெவல் இறங்கவே இல்ல. பீஸ் டிஃபெக்ட்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குக் கெளம்பினேன், அப்பறம்தான் தெரிஞ்சுது, அம்மா இத கொசு மெஷின்னு நெனச்சு தினமும் காலைல ஆஃப் பண்ணிட்டு ராத்திரிதான் போட்டிருக்காங்க, அதுலயும் "கொசுவே போகல, வேஸ்ட்டு"ன்னு எனக்கே ரிவ்யூ வேற. ஹாலுக்கு மாத்தி, சுவிட்ச் மேல செல்லோடேப் ஒட்டி, அதுலேந்து ஒழுங்கா ஒரு மாசம் ஓட்டினேன். ஆனா எங்க வீட்ல ஃபேன் எந்நேரமும் அஞ்சுல ஓடும், ஜன்னல் சாத்தினா வேர்த்துக் கொட்டும், அந்த வாசனைல எவ்ளோ வீட்டுக்குள்ள நின்னுச்சு, எவ்ளோ மாமி வீட்டுக்குப் போச்சுன்னு யாருக்குத் தெரியும். இது ஜன்னல சாத்தி வச்சு வாழுற ஊருக்காரங்க மனசுல வச்சு செஞ்ச பொருள்ங்கறது என் அபிப்ராயம்.

ரிசல்ட்? பகல்ல கொஞ்சம் கூடுதலா படுத்திருந்த மாதிரி இருந்துச்சு. ராத்திரி கத்தல் ஒரு துளி குறையல.

அப்பறம்தான் ஒரு ஃப்ரெண்டு சொல்லி வேற ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க போன்லயே ராத்திரி கத்துறத வீடியோ எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எடை பாத்தா 3.2 கிலோ, பழைய தடுப்பூசி அட்டைல 4.1ன்னு இருக்கு, ஒரு கிலோ கிட்ட போயிருக்கு, தினமும் தூக்குற எனக்கு அது தெரியல. தண்ணி ஜாஸ்தியா குடிக்குதான்னு கேட்டாங்க, பக்கெட்ல வாய வச்சு குடிக்குதுன்னு அம்மா சொன்னாங்க, நாங்க அத சேட்டைன்னு நெனச்சிட்டிருந்தோம். பத்து வயசு தாண்டின பூனை நல்லா தின்னுட்டே இளைச்சு, ஒரு எடத்துல நிக்காம கத்துச்சுன்னா முதல்ல தைராய்டுதான் பாக்கணுமாம், அதுக்கு ரத்தத்துல டி4ங்கற தைராய்டு ஹார்மோன் டெஸ்ட். எங்களுக்கு அது நார்மல் வந்துச்சு. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்துச்சு, கிட்னி தேய ஆரம்பிச்சிருக்கு.

பிபி எடுத்ததுதான் விஷயமே. பூனைக்கு பிபி எடுப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. ஒரு ரூம்ல லைட்ட குறைச்சு, கூடை மேல துண்டப் போட்டு மூடி, பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா விட்டாங்க, பயத்துல ஏறுற பிபி இறங்கறதுக்கு. அப்பறம் முன்னங்கால்ல ஒரு குட்டி பட்டை, பாதத்துக்கிட்ட கொஞ்சம் முடிய வழிச்சு ஜெல் தடவி, ஒரு சின்ன மைக் மாதிரி ஒண்ண வச்சா உஸ்ஸு உஸ்ஸுன்னு நாடிச் சத்தம் கேக்குது. முதல் ரீடிங்க தள்ளிட்டு அஞ்சு ஆறு தடவ எடுத்து சராசரி போட்டாங்க. 198, நம்ம பிபில சொல்ற மேல் நம்பர் இது. 160 தாண்டினாலே கவனிக்கணும், 180 தாண்டினா கண்ணு, கிட்னி, மூளை, இதயம் எதுலயாவது கை வைக்கும், கண்ணுக்குள்ள விழித்திரை கழண்டு ஒரே ராத்திரில பார்வை போன பூனைங்க எல்லாம் வரும்னாங்க. நல்லவேளை பஞ்சுக்கு கண்ணு தப்பிச்சுது. நான் சாந்தி பாட்டில வாங்கி மாட்டிட்டு உக்காந்திருந்த அந்த ஒண்ணரை மாசமும் அது இந்த பிபியோடதான் சுத்திட்டு இருந்திருக்கு, அத நெனச்சாத்தான் வயிறு கலங்குது.

மருந்து என்னன்னு பாத்தா அம்லோடிபின், எங்கம்மா தினமும் போடுற அதே மாத்திரை. 2.5 மில்லிகிராம் மாத்திரைய நாலா ஒடச்சு ஒரு துண்டு, தினமும் ஒருவேளை. (உடனே உங்க வீட்டு பிபி டப்பாவ தொறக்காதீங்க, அளவு டாக்டர் சொல்லணும். வலில கத்துதுன்னு பாராசிட்டமால் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம், கால் மாத்திரை கூட.) ஒடச்சா பாதி தூளாயிடும், அதுக்கு மெடிக்கல்ல மாத்திரை வெட்டுற டப்பா கெடைக்குது, வாங்கிடுங்க. முள்ளெடுத்த வேகவச்ச மீன்ல உருட்டிக் குடுக்கறோம், கருவாடு கட், உப்பு. காலைல எட்டு மணிக்கு அம்மா "வாடியம்மா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி"ன்னு கூப்ட்டு, தன்னோடத முழுங்கிட்டு அதுக்கும் குடுப்பாங்க. சகுனப் பேச்சு அன்னிலேந்து நின்னுபோச்சு.

ரெண்டு வாரத்துல மறுபடி எடுத்தா 154. கத்தல் தினமும் இருந்தது வாரத்துல ரெண்டு நாளா குறைஞ்சுது. முழுசா போகல. அதுக்கும் டாக்டரம்மா ஒரு காரணம் சொன்னாங்க, பூனைக்கும் மனுஷங்க மாதிரி மறதி வருமாம், 15 தாண்டினதுல பாதிக்கு மேல அந்த மாதிரி அறிகுறி ஒண்ணாவது இருக்குன்னு ஆராய்ச்சியே இருக்காம். பஞ்சு மண்ணு டப்பா வரைக்கும் போய் நின்னு எதுக்கு வந்தோம்னு யோசிக்கும், கதவு தொறக்குற பக்கத்த விட்டுட்டு கீல் பக்கம் நின்னு பாக்கும். காதும் மந்தம், அதனால தன் சத்தமே தனக்குக் கேக்காம கூட கத்துதாம். இதுக்கு ஹால்ல ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, சாப்பாட்டுத் தட்டு எடம் மாத்தாம அதே மூலைல, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு கடைசி வேளை சாப்பாடு. கட்டிலுக்கு ஏற ஒரு படி வச்சேன், ஏன்னா 12 வயசுக்கு மேல எக்ஸ்ரே எடுத்தா பத்துல ஒம்போது பூனைக்கு மூட்டுத் தேய்மானம் தெரியுமாம். இந்த பல்பு நாப்பது ரூபா, மூவாயிரம் ரூபா பாட்டில் பண்ணாதத அது பண்ணுச்சு.

அப்போ டிஃப்யூசர் டுபாக்கூரான்னு கேட்டா, அப்படி சொல்ல மாட்டேன். புதுசா இன்னொரு பூனை வந்து சண்டை, செவுத்துல மூத்திரம் அடிக்குறது, வீடு மாத்துறது, இதுக்கெல்லாம் டாக்டரம்மாவே எழுதிக் குடுக்குறாங்களாம். எனக்கு வித்தவருக்கு பூனை வயசு என்னன்னு கேக்கத் தோணல, எனக்கு சொல்லத் தோணல. ஒரு மார்க் மெஷின் ஓவரா சூடாகாம, சத்தம் இல்லாம, கரன்ட் போய் வந்தாலும் தானா ஓடினதுக்கு, இன்னொண்ணு அம்மா பண்ண வேலைக்கு நஷ்ட ஈடா.

உங்க பூனை பத்து வயசுக்கு மேல, திடீர்னு ராத்திரில கத்த ஆரம்பிச்சிருக்குன்னா இந்தக் காச எடுத்துட்டுப் போய் முதல்ல பிபியும் ரத்தமும் பாத்துடுங்க, பாட்டில் எங்கயும் ஓடிப்போகாது. பிபி எடுக்குற மெஷின் எல்லா கிளினிக்லயும் இருக்காது, போன் பண்ணி பூனைக்கு பிபி எடுப்பீங்களான்னு கேட்டுட்டுக் கெளம்புங்க, வெயில்ல கூடையத் தூக்கிட்டு அலையாம.

ரீஃபில் ஒண்ணு இன்னும் சீல் பிரிக்காம இருக்கு. தை மாசம் வீடு மாத்துறோம், அப்போ போட்டுப் பாத்துட்டு மார்க்க ஏத்தணும்னா வந்து ஏத்துறேன்.