செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஆட "உறுதியான டீ டைம்" (ஆட்டம் தொடங்கும் நேரம்) விற்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்குக் குழுவாகச் சென்று ஓல்ட் கோர்ஸில் கோல்ஃப் ஆட வேண்டும் என்று திட்டமிடும் தமிழ் நண்பர்கள், யாருக்கும் பணம் அனுப்புவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட நாங்கள் எட்டுப் பேர், ஆளுக்கு 1,40,000 ரூபாய் வீதம் மொத்தம் 11,20,000 ரூபாயை ஒரு கோல்ஃப் சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனத்திடம் கட்டிவிட்டு, அந்த மைதானத்தில் ஒரு பந்தைக்கூட அடிக்காமல் திரும்பி வந்திருக்கிறோம். விமானக் கட்டணமும் தங்கும் செலவும் இதில் சேரவில்லை, அவை தனி. வழக்கறிஞரிடம் பேசிக்கொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இப்போது எழுத முடியாது. கடையோ அலுவலகமோ இல்லாமல், இணையதளமும் வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் வைத்துக்கொண்டு, வெளிநாட்டு கோல்ஃப் பயணங்களை இந்தியர்களுக்கு விற்கும் ரகம் அது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எங்களுக்கு இழைக்கப்பட்டது எப்படிப்பட்ட மோசடி என்பது புரிய வேண்டுமானால், அந்த மைதானத்தில் எப்படி இடம் கிடைக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மணல்மேடும் புல்லுமாகக் கிடக்கும் லிங்க்ஸ் நிலம் அது. அங்கே கோல்ஃப் ஆடும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு என்பதைப் பேராயர் ஜான் ஹாமில்டன் 1552-இல் சாசனமாகவே எழுதிக் கொடுத்தார். ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்று இருந்ததை 1764-இல் 18 ஆகக் குறைத்ததும் இங்கேதான். உலகம் முழுவதும் இன்று 18 குழிகள் ஆடுவது அதிலிருந்து வந்த வழக்கம். உலகப் புகழ்பெற்ற கோல்ஃப் போட்டியான ஓபன் 1873-இல் முதன்முறையாக இங்கே வந்தது. 150-ஆவது ஓபன் 2022-இல் நடந்ததும் இங்கேதான். இத்தனை பெருமை இருந்தும் ஓல்ட் கோர்ஸ் எந்தத் தனியார் கிளப்புக்கும் சொந்தமானதல்ல. செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் நடத்தும் பொது மைதானம் அது. ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப்புக்குச் சான்றிதழ் கையில் இருந்தால் எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் வைத்திருக்கிறார்கள். ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள், இரண்டு முதல் நான்கு பேர் வரை சேர்ந்து பெயர் கொடுத்தால், அன்று மாலைக்குள் முடிவு தெரிந்துவிடும். பெயர் கொடுக்க ஒரு காசு கட்டணம் கிடையாது. குலுக்கலில் பெயர் வந்தவர்கள் மட்டும் ஆட்டக் கட்டணம் கட்டினால் போதும். பருவ காலத்தில் அது 300 பவுண்டுக்கு மேல். காசில்லாமல் யாரும் பெயர் கொடுக்கக்கூடிய இந்தக் குலுக்கலைத்தான் எங்களுக்கு 11,20,000 ரூபாய்க்கு விற்றார்கள்.

நாங்கள் விசாரிக்காமல் பணம் அனுப்பவில்லை. எங்கள் குழுவின் மூத்தவர் ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர். வயது எழுபதைக் கடந்துவிட்டது. நீலகிரியில், வெலிங்டனில் பணியில் இருந்த காலத்தில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 18 குழிகளையும் நடந்து முடிக்க இன்னும் எத்தனை ஆண்டு முடியும் என்று தெரியாத நிலையில், அவருக்காகத்தான் இந்தப் பயணத்தையே திட்டமிட்டோம். குலுக்கலை நம்பி அவ்வளவு தூரம் அவரை அழைத்துச் செல்ல மனம் வரவில்லை. அதனால்தான், முன்கூட்டியே உறுதி செய்யப்பட்ட நேரம் தருவதாக விளம்பரம் செய்த அந்த நிறுவனத்தை அணுகினோம்.

வீடியோ அழைப்பில் பேசிய இளைஞரை எப்படி நம்பினோம் என்று பலரும் கேட்கிறார்கள். அவர் சுத்தமான தமிழில், ஒவ்வொருவரையும் சார் என்று அழைத்து, அந்த மைதானத்தில் பலமுறை நடந்து பழகியவரைப் போலப் பேசினார். 17-ஆவது குழியில் முதல் அடியை ஓட்டலின் மூலைக்கு மேலாகத் தூக்கி அடிக்க வேண்டும் என்றார். 14-ஆவது குழியில் ஹெல் பங்கர் என்ற பெரிய மணற்குழியை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று விளக்கினார். பதினான்கு குழிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஏழு பெரிய க்ரீன்களை, அதாவது குழியைச் சுற்றியுள்ள சீரான புல்தரைகளை, பங்கிட்டுக்கொள்வதையும், அப்படிச் சேரும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வருவதையும் சொன்னபோது, எங்கள் மூத்தவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்குப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் பிறந்த ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்பதும், அவர் தன் ஊரில் நிறுவிய பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர் என்பதும் அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது. "சென்னைக்காரங்க கண்டிப்பா பார்க்கணும் சார், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்த இடத்தில்தான் எங்கள் தயக்கம் முழுவதும் கரைந்தது.

ஆனாலும் நேரடியாகக் கேட்டோம். டிரஸ்ட் அங்கீகரித்த நிறுவனமா என்று கேட்டதற்கு, அங்கீகாரம் பெற்ற ஒரு பெரிய நிறுவனத்தின் பங்குதாரர்கள் என்று எழுத்திலேயே பதில் தந்தார். எட்டுப் பேரின் ஹேண்டிகேப் சான்றிதழையும் பாஸ்போர்ட் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை 10:20-க்கு நான்கு பேர், 10:30-க்கு நான்கு பேர் என்று எங்கள் பெயர்களை அச்சிட்ட உறுதிக் கடிதம் வந்தது. மைதானத்தின் புகழ்பெற்ற சிறு கல்பாலமான ஸ்வில்கன் பாலத்தின் மேல் நிற்கும் பழைய வாடிக்கையாளர்களின் படங்கள் வந்தன. கிரெடிட் கார்டில் கட்டினால் கூடுதலாக மூன்று சதவீதம் ஆகும், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் அந்தத் தொகை மிச்சம் என்றார். அவ்வாறே 11,20,000 ரூபாயும் வங்கி வழியாகச் சென்றது. கடைசியாக, இன்று நினைத்தாலும் ரத்தம் கொதிக்கும் ஒரு வார்த்தையைச் சொன்னார். "நீங்க தனியா பேலட்ல, அதான் அந்தக் குலுக்கல்ல, பேர் குடுத்துடாதீங்க சார், ரெண்டு பதிவு இருந்தா சிஸ்டம் ரெண்டையும் தள்ளிடும்" என்றார். அந்தப் பேச்சை மதித்து, நாங்கள் எங்கும் பெயர் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் நாங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது; லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கிச் சாலை வழியாகத்தான் வர வேண்டும். மட்டைப் பையைச் சுமந்து உடன் வரும் உதவியாளரான கேடியின் ஏற்பாட்டை உறுதி செய்துகொள்ளலாம் என்று டிரஸ்ட் அலுவலகத்துக்குச் சென்று கடிதத்தை நீட்டினோம். அங்கிருந்த பெண்மணி மிகப் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, 10:20-லும் 10:30-லும் வேறு பெயர்கள் இருப்பதாகவும், எங்கள் பெயர்கள் முந்தைய நாள் குலுக்கலுக்குக் கொடுக்கப்பட்டுத் தேர்வாகாமல் போனதாகவும் சொன்னார். கேடிக்கும் எந்தப் பதிவும் இல்லை. சனிக்கிழமைக்கான குலுக்கலுக்காவது பெயர் கொடுக்கிறோம் என்றோம். மணி 3 ஆகிவிட்டது. 2 மணியோடு அது முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டமே கிடையாது. திங்கள் காலை எங்களுக்கு விமானம். நாங்களே முறையாகப் பெயர் கொடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய வாய்ப்பையும் அந்த ஒரு பொய் பறித்துக்கொண்டது. பணத்தைக் கூடச் சம்பாதித்துவிடலாம். எழுபது வயதைக் கடந்த ஒருவரை மறுபடி அங்கே கொண்டுபோய் நிறுத்துவது எங்கள் கையில் இல்லை.

தனியாக வருபவர்களுக்கு என்று 2024 முதல் தனிக் குலுக்கல் ஒன்று இருப்பதை அந்தப் பெண்மணியே எடுத்துச் சொன்னார். எங்களில் சிலர் பெயர் கொடுத்துப் பார்த்தோம், வரவில்லை. ஞாயிறன்று அந்த மைதானம் ஊர் மக்கள் உலாவும் பூங்காவைப் போலத் திறந்திருக்கிறது. குழந்தைகளும் நாய்களும் ஃபேர்வேயில் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டையில்லாத வெறுங்கையோடு முதல் குழியிலிருந்து நடந்தோம். ஸ்வில்கன் பாலத்தில் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோதுதான், எங்களுக்கு அனுப்பப்பட்ட வாடிக்கையாளர் படங்கள் எதற்கும் சாட்சியல்ல என்பது விளங்கியது. அந்தப் பாலத்தில் யார் வேண்டுமானாலும் ஏறி நிற்கலாம்.

அன்று தொடங்கியது அலைக்கழிப்பு. பணம் வரும்வரை நள்ளிரவிலும் பதில் அனுப்பிய இளைஞர், முதலில் இங்கிலாந்துப் பங்குதாரரின் தவறு என்றார். பிறகு தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அழைப்பை எடுப்பதை நிறுத்தினார். வேறொரு எண்ணிலிருந்து பேசிய பெண், மேலாளர் விடுப்பில் இருப்பதால் அடுத்த வாரம் பேசுங்கள் என்றார். அடுத்த வாரம் வந்த மின்னஞ்சலில், எங்கள் சான்றிதழ்கள் தாமதமாக வந்ததால்தான் இந்த நிலை என்று எழுதியிருந்தார்கள். அவை கிடைத்துவிட்டன என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தேதியோடு படமெடுத்துத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பதிலாக வந்தது விதிமுறைகளின் ஒரு பக்கம். எல்லா நேரங்களும் மைதானத்தில் கிடைப்பதற்கு உட்பட்டவை என்ற ஒரு வரியை மஞ்சள் நிறத்தில் அடையாளமிட்டிருந்தார்கள். உறுதியான நேரம் என்று சொல்லி 11,20,000 ரூபாய் வாங்கியவர்கள், பணம் கைக்கு வந்த பிறகு காட்டுகிற வரி அது. கடைசியாக, அடுத்த ஆண்டு வேறொரு நாட்டுப் பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று பாதித் தொகைக்கு ஒரு கிரெடிட் நோட்டை நீட்டினார்கள். எங்களுக்கு வேண்டாம், பணம் வேண்டும் என்று எழுதிய நாளிலிருந்து இரண்டு எண்களும் எங்களைத் தடுத்துவைத்திருக்கின்றன.

வங்கியிலும் கைவிரித்துவிட்டார்கள். கார்டில் கட்டியிருந்தால் சேவை தரப்படவில்லை என்று சொல்லித் தொகையைத் திருப்பிக் கேட்க வழியுண்டு. நாமே உத்தரவிட்டு அனுப்பிய பணத்துக்கு அப்படி ஒரு வழியில்லை என்றார் கிளை மேலாளர். மூன்று சதவீதச் சலுகை எதற்காக என்பது அப்போது புரிந்தது. மூத்தவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போகட்டும், விட்டுவிடுங்கள் என்கிறார். நாங்கள் விடப்போவதில்லை. சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்துவிட்டோம். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், எதிராளி எந்த ஊரில் ஒளிந்திருந்தாலும் கவலையில்லை என்று வழக்கறிஞர் சொல்கிறார்.

விரிவான வழிகாட்டி எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போதுள்ள மனநிலையில் அது முடியவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உறுதியான நேரம் தருகிறோம் என்று எவர் சொன்னாலும், அந்த நிறுவனத்தின் பெயர் டிரஸ்ட் வெளியிடும் அங்கீகரிக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பங்குதாரர், துணை முகவர் என்ற பேச்சே வேண்டாம். கடிதம் கைக்கு வந்ததும் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறிப்பிட்டு டிரஸ்ட்டுக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். குலுக்கலில் பெயர் கொடுக்காதே என்று சொல்பவரிடம் அந்த நொடியே பேச்சை நிறுத்திவிடுங்கள். அங்கே ஞாயிறு தவிரக் கூடுதலாகச் சில நாட்கள் தங்குவதுபோல் திட்டமிட்டு, தினமும் 2 மணிக்கு முன் நீங்களே பெயர் கொடுங்கள். பணத்தைக் கார்டில் மட்டும் கட்டுங்கள்.

இதே ஆட்களிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம். 11,20,000 ரூபாயில் இன்று வரை ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை.