லில்லிபாண்ட்: ஹேர்பின் போடப் படும் பாடு

லில்லிபாண்ட் என்பது பாட்டை ஸ்வரக் குறிகளோடு தாளில் அச்சடித்துத் தரும் இலவச மென்பொருள். அதில் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஒரே ஸ்வரத்தைச் சத்தம் ஏற்றி இறக்கிப் பாடச் சொல்லும் குறியை அதில் போடுவதுதான் அது.

பாட்டு முடிந்து வருகிற ஆமெனை எடுத்துக்கொள்ளுங்கள். 'மென்' என்ற இடத்தில் ஒரு செமிபிரீவ், நான்கு எண்ணிக்கை. எங்கள் கொயரில் அதை மெல்லத் தொடங்கி, பாதி வரை விரித்து, அப்புறம் அடக்கி முடிப்போம். இரண்டு கோடு ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் வாய் திறந்திருக்கும் குறிதான் ஹேர்பின். தாளில் அது விரியும் ஹேர்பின் ஒன்று, சுருங்கும் ஹேர்பின் ஒன்று. பென்சிலால் போட்டால் இரண்டு இழுப்பு.

லில்லிபாண்டில் மவுஸால் எதையும் இழுத்துப் போட முடியாது. பாட்டை எழுத்தாக டைப் செய்து கொடுக்க வேண்டும், அது பிடிஎஃப் வரைந்து தரும். கிரெஷெண்டோவை, அதாவது சத்தம் ஏறுவதை, ஒரு ஸ்வரத்தோடு சேர்த்துத் தொடங்கி, இன்னொரு ஸ்வரத்தில் முடிக்க வேண்டும். செமிபிரீவுக்கு நடுவில் வேறு ஸ்வரம் ஏது? அதனால் நேரத்தை மட்டும் நிரப்பி, தாளில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேசர் ரெஸ்டுகளை அதே நான்கு எண்ணிக்கைக்கு இணையாக எழுதி, ஹேர்பின்களை அவற்றில் மாட்டிவிட வேண்டும். ஒரு ஆமெனுக்கு இத்தனை வேலையா என்று கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுப் போன ராத்திரிகள் உண்டு. 2022 டிசம்பரில் வந்த 2.24 பதிப்பில் 'ஆஃப்டர்' என்று ஒரு கட்டளை சேர்த்தார்கள். இத்தனை எண்ணிக்கை கழித்து இந்தக் குறி என்று ஸ்வரத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம். முன்னைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஆமெனுக்கு அதை இரண்டு தடவை அடுக்க வேண்டியிருக்கிறது, வாசிக்கும்போது முதலில் வருவது எது, பின்னால் வருவது எது என்று கண் தடுமாறுகிறது.

தமிழ்ப் பாட்டு என்றால் இன்னொரு தொல்லை. வரிகளை அசை அசையாகப் பிரித்து 'தோத்', 'தி', 'ரம்' என்று ஸ்வரங்களுக்கு அடியில் கொடுக்கிறோம். நம் எழுத்து அகலம், அதற்கு இடம் விட்டு ஸ்வரங்கள் தள்ளி நிற்கும். ஒரு வரியில் மூன்று பார் (தாளக் கட்டம்) பிடித்தாலே பெரிது. நான்கு பாருக்கு ஏறுகிற கிரெஷெண்டோ எப்படியும் அடுத்த வரிக்கு உடையும். ஹேர்பின் எவ்வளவு நீளமானாலும் அதன் வாய் ஒரே அகலம்தான் என்பதால், நீளமானதைப் பார்த்தால் இரண்டு இணைகோடு போலத் தெரியும். பெஞ்சில் நின்று தாளைப் பிடித்திருக்கிற டெனர்காரருக்கு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படித் தெரியும்? இரண்டு பாருக்கு மேல் போனால் நான் ஹேர்பினை விட்டுவிட்டு, 'கிரெஷ்' என்ற எழுத்தும் புள்ளிக்கோடும் வருகிற கட்டளையைத்தான் போடுகிறேன். கோடும் வேண்டாம் என்றால் ஒரு சொல்லில் அணைத்துவிடலாம். குறிகள் வழக்கமாக ஸ்டேவுக்கு (ஸ்வரங்கள் நிற்கும் ஐந்து கோடு) கீழே வரும், பாட்டு வரிகளோடு இடித்துக்கொள்ளும். அவற்றை மேலே ஏற்ற ஆரம்பத்திலேயே ஒரு கட்டளை போட்டால் போதும், அதில் குறை இல்லை.

இனிச் சொல்வதையும் சொல்லியாக வேண்டும். என்னைப் பாடாய்ப் படுத்திய அந்த ஸ்பேசர் ரெஸ்ட்தான் நான் இதை விடாமல் இருப்பதற்கும் காரணம். ஆமெனுக்காக எழுதியதைப் பாட்டு முழுவதற்கும் நீட்டிப் பார்த்தேன். ஸ்வரமே இல்லாமல் சத்தக் குறிகள் மட்டும் உள்ள ஒரு வரி. அதற்கு ஒரு பெயர் கொடுத்து, சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் நான்கிலும் அந்தப் பெயரைச் சேர்த்தேன். நான்கு ஸ்டேவிலும் ஹேர்பின்கள் ஒரே எண்ணிக்கையில் தொடங்கி ஒரே எண்ணிக்கையில் முடிந்திருந்தன. பிராக்டிஸில் மாஸ்டர், "சரணத்துல ரெண்டாவது பார்ல ஏறாண்டாம், மூணாவதுல ஏறுங்க" என்றால், வீட்டுக்கு வந்து ஒரு இடத்தில் திருத்தினால் நான்கு குரலின் தாளும் திருந்திவிடும். வேறு மென்பொருளில் ஒவ்வொரு ஹேர்பினாகப் பிடித்து இழுத்துச் சரிசெய்த காலத்தை நினைத்தால் இது எனக்குப் பெரிய விடுதலை. அச்சான தாளின் அழகைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1996-இல் ஹான்-வென் நியென்ஹுய்ஸும் யான் நியூவென்ஹுய்சனும் இதைத் தொடங்கியதே கையால் செதுக்கிய பழைய பதிப்புகளின் அழகைக் கம்ப்யூட்டரில் கொண்டுவரத்தான்.

இதையெல்லாம் எழுத வைத்தது நாசரேத்திலிருந்து வந்த ஒரு போன். அங்கே ஆர்கன் வாசிக்கிற அண்ணாச்சி ஒருவர் வெகுகாலமாக ஃபினாலே என்ற ஸ்வரம் எழுதும் மென்பொருளில் எழுதுகிறவர். "தம்பி, ஃபினாலேய நிப்பாட்டிட்டாவளாமே, இனும நான் எதுல எழுத? ஒன் லில்லிபாண்டுக்கு வந்துரட்டுமா?" என்று கேட்டார். 35 வருஷம் ஓடிய ஃபினாலேயை இனி வளர்க்கப் போவதில்லை என்று மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது.

வேண்டாம் அண்ணாச்சி. நீங்கள் ஸ்வரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, காதால் கேட்டுக்கொண்டே எழுதுகிறவர். கேரலுக்குத் தாள் எடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு ஆமெனுக்காக ஸ்பேசர் ரெஸ்ட் எண்ணிக்கொண்டிருந்தால் உங்களுக்குப் பாட்டே வெறுத்துப்போகும். மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளும் இலவசம்தான். ஸ்வரங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினால் ஹேர்பின் வந்து நிற்கும், அதற்குப் போங்கள். எதற்குப் போனாலும் சரி, ஃபினாலே இன்னும் திறக்கிற அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகும் முன்னால் உங்கள் பாட்டுகள் அத்தனையையும், வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்புகளாக எடுத்து, ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். ஹேர்பின்கள் அதில் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.